அழற்சியை எந்த இடத்தில் தடுப்பது? ஸ்டீராய்டு, டி.என்.எஃப். ஊசி, ஜாக் மாத்திரை: ஓர் ஒப்பீடு

உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் என்று உறுதியானவருக்கு முதலில் தரப்படுவது பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒருமுறைதான் எடுக்க வேண்டும். (மறதியில் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. நான் எழுத வந்த விஷயம் இதுவல்ல, ஆனாலும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.) சில மாதங்கள் ஆகியும் மூட்டு வீக்கம் அடங்காவிட்டால், மருத்துவர் அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேசுவார். டி.என்.எஃப். என்ற புரதத்தைப் பிடித்து வைக்கும் ஊசியா, இன்டர்லூகின்-6 என்ற இன்னொரு புரதத்தின் பாதையை அடைக்கும் ஊசியா, ஜாக் நொதிகளைத் தடுக்கும் மாத்திரையா? அதுவரை சமாளிக்கக் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு வேண்டுமா?

நோயாளிக்கு இது ஊசிக்கும் மாத்திரைக்கும் இடையிலான தேர்வாகத் தெரியும். யாருக்குத்தான் ஊசி பிடிக்கும்? மாத்திரை என்றதும் முகம் மலரும். ஆனால் இந்த மருந்துகள் ஒவ்வொன்றும் நோயெதிர்ப்பு செல்களின் சமிக்ஞைப் பாதையில் வெவ்வேறு இடத்தில் கை வைக்கின்றன. இடம் மாறும்போது பலனும் மாறுகிறது, ஆபத்தும் மாறுகிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாதையின் நடுவில் இருக்கும் பெரிய சுவிட்சை அணைக்க ஆசைப்படுவதைவிட, குறிப்பிட்ட நோயை எந்தத் தூதுப் புரதம் (செல்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதம்) ஓட்டுகிறது என்று கண்டு அதைத் தடுப்பதுதான் பெரும்பாலும் நல்லது. ஏன் அப்படி என்று புரிய, செல்லுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

செல்லுக்குள் நடப்பது

ஒரு மேக்ரோஃபேஜை எடுத்துக்கொள்வோம். கிருமிகளை விழுங்கும் இந்த செல்லின் மேற்பரப்பில் டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பி இருக்கிறது. சில வகை பாக்டீரியாக்களின் வெளியுறையில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடை அது இனம் காண்கிறது. இதை 1998-இல் எலிகளில் காட்டியவர் புரூஸ் பாய்ட்லர். அதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்பே, பழ ஈக்களில் டோல் என்ற மரபணு பூஞ்சைத் தொற்றை எதிர்க்க உதவுகிறது என்று ஜூல்ஸ் ஹாஃப்மனின் குழு கண்டறிந்திருந்தது. இருவரும் 2011-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஏற்பி தூண்டப்பட்டதும் செய்தி கைமாறிக் கைமாறி டேக்1 என்ற நொதியை அடைகிறது. அங்கே பாதை பிரிகிறது. ஒரு கிளை ஐ.கே.கே. என்ற நொதிக் கூட்டத்துக்கும், இன்னொன்று பி38, ஜே.என்.கே. போன்ற நொதிகளுக்கும் போகிறது. ஐ.கே.கே. கிளையின் முடிவில் காத்திருப்பதுதான் என்.எஃப். கப்பா-பி. ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் இருவரும் 1986-இல் கண்டுபிடித்த இந்தப் புரதம் அழற்சியின் தலைமை நிர்வாகி என்றே சொல்லலாம்.

அமைதியான செல்லில் என்.எஃப். கப்பா-பி உட்கருவுக்கு வெளியே கட்டுண்டு கிடக்கும். கட்டி வைத்திருப்பது ஐ-கப்பா-பி என்ற இன்னொரு புரதம். ஐ.கே.கே. செய்வதெல்லாம் அந்தக் காவல் புரதத்தின் மீது இரண்டு பாஸ்பேட்டுகளை ஒட்டுவதுதான். அந்த அடையாளத்தைக் கண்ட செல், காவல் புரதத்தைச் சில நிமிடங்களில் துண்டாக்கிவிடும். விடுபட்ட என்.எஃப். கப்பா-பி உட்கருவுக்குள் நுழைந்து டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-1 பீட்டாவின் முன்வடிவம் என்று வரிசையாக மரபணுக்களை இயக்குகிறது.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அது இயக்கும் மரபணுக்களில் ஐ-கப்பா-பி-யின் மரபணுவும் ஒன்று. அதாவது தன்னைக் கட்டிப்போடும் காவலனைத் தானே வரவழைத்துக்கொள்கிறது. புதிதாகத் தயாரான ஐ-கப்பா-பி உட்கருவுக்குள் போய் என்.எஃப். கப்பா-பி-யை வெளியே இழுத்து வருகிறது. வெளியில் தூண்டுதல் இன்னும் நிற்கவில்லை என்றால் இந்தக் காவலனும் அழிக்கப்படும், மீண்டும் நுழைவு, மீண்டும் வெளியேற்றம். ஒளிரும் புரதத்தை ஒட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது, டி.என்.எஃப். தொடர்ந்து தூண்டும் செல்லில் என்.எஃப். கப்பா-பி ஏறத்தாழ 100 நிமிடங்களுக்கு ஒருமுறை உட்கருவுக்குள் போய்த் திரும்புவது தெரிந்தது. ஏ20 என்ற இன்னொரு தடைப் புரதத்தையும் அதுவே உண்டாக்குகிறது. ஏ20 இல்லாத எலிகள் கட்டுக்கடங்காத அழற்சியால் இளம் வயதிலேயே இறந்துவிடுகின்றன.

தூண்டுவதும் அடக்குவதும் ஒரே கை என்ற இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கை வைத்த மருந்துகள் சறுக்கியது இதில்தான்.

நடு சுவிட்சை அணைத்தால்?

எல்லா வழியும் என்.எஃப். கப்பா-பி-யில்தான் சேருகிறது என்றால் அதை அணைத்துவிட்டால் போதுமே என்று யாருக்கும் தோன்றும். மருந்து நிறுவனங்களுக்கும் தோன்றியது. ஐ.கே.கே. கூட்டத்தில் முக்கியமான பீட்டா பகுதியைத் தடுக்கும் மூலக்கூறுகளைத் தேடி ஏராளமான உழைப்பு கொட்டப்பட்டது. ஆனால் எலி ஆய்வுகள் எச்சரித்தன. அந்த மரபணு முற்றிலும் இல்லாத எலிக்கருக்கள் கல்லீரல் செல்கள் மடிந்து கருவிலேயே இறந்தன. காரணம், டி.என்.எஃப். ஒரு செல்லைத் தொடும்போது 'உயிரோடு இரு', 'செத்துப் போ' என்ற இரண்டு கட்டளைகளும் சேர்ந்தே போகின்றன. முதல் கட்டளையை நிறைவேற்றுவது என்.எஃப். கப்பா-பி. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டாவது கட்டளைதான்.

மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில் போன்ற செல்களில் மட்டும் ஐ.கே.கே. பீட்டாவை நீக்கிப் பார்த்தபோது இன்னொரு அதிர்ச்சி. 2007-இல் வெளியான அந்த ஆய்வில், பாக்டீரிய நச்சு செலுத்தப்பட்ட எலிகளில் இன்டர்லூகின்-1 பீட்டா குறையவில்லை, கூடியது. அழற்சியை அடக்கப் போன இடத்தில் அதன் இன்னொரு கதவு திறந்துகொண்டது.

பி38 கதை இதைவிட நீளம். எலிகளில் அதைத் தடுத்தால் மூட்டழற்சி அழகாகக் குறைந்தது. மனிதர்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தனித்தனி மூலக்கூறுகளோடு இறங்கின. பாமாபிமாட் உள்ளிட்ட மருந்துகளின் முடிவுகள் 2009-ஐ ஒட்டி வெளிவந்தன. எல்லாவற்றிலும் ஒரே கோலம்: ரத்தத்தில் அழற்சியின் அளவுகோலான சி.ஆர்.பி. முதல் ஓரிரு வாரங்களில் சரிந்தது, மருந்து தொடரும்போதே பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. மூட்டு வீக்கத்திலும் சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம் இல்லை. கல்லீரல் நொதிகள் உயர்ந்தன, தோலில் தடிப்புகள் வந்தன.

என்ன நடந்திருக்கும்? பி38 அழற்சியைத் தூண்டுவது மட்டும் செய்யவில்லை. தனக்கு மேலே இருக்கும் டேக்1-ஐ அடக்கி வைக்கும் வேலையும் அதனுடையது. அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின்-10 உருவாகவும் அது உதவுகிறது. அதைத் தடுத்தால் டேக்1 கட்டவிழ்ந்து ஐ.கே.கே., ஜே.என்.கே. கிளைகளைக் கூடுதலாக முடுக்கும். ஒரே மாதிரியான தோல்வி வெவ்வேறு மூலக்கூறுகளிலும் வந்ததால், குறை மருந்தில் இல்லை, இலக்கில்தான் என்று நான் நினைக்கிறேன். மருந்துக்கடையில் இன்று ஐ.கே.கே. தடுப்பானும் பி38 தடுப்பானும் முடக்குவாதத்துக்காகக் கிடைக்காதது தற்செயல் ஆகாது.

ஸ்டீராய்டு: அகலமான தடை, ஆனாலும் வேலை செய்கிறது

என் கட்சிக்கு எதிரான வலுவான சாட்சி ஸ்டீராய்டுதான். 1948-இல் ஃபிலிப் ஹென்ச், மேயோ கிளினிக்கில் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் செலுத்தினார். படுக்கையோடு முடங்கிக் கிடந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-இலேயே நோபல் பரிசு வந்துவிட்டது. இவ்வளவு அகலமாகத் தடுக்கும் ஒரு மருந்து எப்படிப் பலித்தது?

ஸ்டீராய்டு செல்லுறையைத் தாண்டி உள்ளே போய்த் தனக்கான ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குள் நுழைகிறது. அங்கே என்.எஃப். கப்பா-பி-யின் கையைப் பிடித்து நிறுத்துகிறது. அதோடு நிற்காமல், பி38-இலிருந்து பாஸ்பேட்டைப் பிடுங்கும் டஸ்ப்1 போன்ற தணிப்புப் புரதங்களின் உற்பத்தியையும் கூட்டுகிறது. பி38 தடுப்பான்கள் செல்லின் சொந்தத் தடைகளையும் சேர்த்து அறுத்தன. ஸ்டீராய்டு அந்தத் தடைகளை வலுவாக்குகிறது. உடலே சுரக்கும் ஹார்மோனின் வழியில் போவதால் இந்தப் பக்குவம்.

விலை பெரிது. எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், தொற்று எளிதாகும், அட்ரீனல் சுரப்பி தூங்கிவிடும். அதனால்தான் வாரக்கணக்கில் எடுத்தவர்கள் திடீரென நிறுத்தக் கூடாது. வேளையும் முக்கியம். 2020-இல் வந்த ரெகவரி ஆய்வை நினைத்துப் பாருங்கள். தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடமும் பலன் தெரிந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு எந்த நன்மையும் இல்லை. வைரஸோடு போர் நடக்கும்போதே காவலர்களைக் கட்டிப்போட்டால் யாருக்கு லாபம்?

முடக்குவாதத்தில் ஸ்டீராய்டு ஒரு பாலம். மெத்தோட்ரெக்ஸேட்டோ அடுத்த மருந்தோ வேலை செய்யத் தொடங்கும் வரை குறைந்த அளவில் எடுத்து, சில மாதங்களுக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டியது. பாலத்திலேயே குடியிருக்கும் நோயாளிகள் நிறைய. மருந்து உடனே கேட்கிறது என்பதே அதன் ஆபத்து.

ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. அவை புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியை மட்டும் நிறுத்துகின்றன. எய்தவன் இருக்க அம்பை நோகும் வேலை அது. வலி குறையும், மூட்டு அரிக்கப்படுவது நிற்காது.

டி.என்.எஃப். ஊசியா, ஜாக் மாத்திரையா?

உண்மையான போட்டி இங்கேதான்.

டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 என்று மூட்டுக்குள் பத்துப் பதினைந்து தூதுப் புரதங்கள் மிதக்கும்போது ஒன்றை மட்டும் தடுத்து என்ன பயன் என்று 1980-களில் பலர் கேட்டார்கள். லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி குழு முடக்குவாத நோயாளிகளின் மூட்டுச் சவ்வு செல்களை வளர்த்து, அதில் டி.என்.எஃப். எதிர்ப்பொருளைச் சேர்த்துப் பார்த்தது. இன்டர்லூகின்-1 உற்பத்தியும் சேர்ந்து விழுந்தது. தூதர்களுக்குள் மேல் கீழ் உண்டு, மேலே இருப்பது டி.என்.எஃப். என்பதற்கு 1989-இல் வெளியான அந்த முடிவு முதல் தடயம். 1992-இல் முதல் நோயாளிகளுக்கு ஊசி போடப்பட்டது. 1998, 1999-இல் எட்டனர்செப்ட்டும் இன்ஃப்ளிக்ஸிமாபும், 2002-இல் அடாலிமுமாபும் ஆகிய டி.என்.எஃப். தடுப்பு மருந்துகள் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றன.

இந்த ஊசிகள் செல்லுக்குள் நுழைவதில்லை. வெளியே மிதக்கும் தூதுவனைப் பிடித்துவிடுகின்றன. கிருமி வந்தால் டி.எல்.ஆர். வழியாக என்.எஃப். கப்பா-பி இயங்குவதற்குத் தடையில்லை. உள்ளே இருக்கும் தணிப்பு ஏற்பாடுகளும் அப்படியே இருக்கின்றன. இழப்பது என்ன என்பதும் தெளிவாகத் தெரியும்: நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமிகளைச் சுற்றி நோயெதிர்ப்பு செல்கள் கட்டியிருக்கும் அரணுக்கு டி.என்.எஃப். தேவை. அது போனால் அரண் தளர்ந்து கிருமி வெளியே வரும். 2001-இல் இது ஆவணமானது. அன்று முதல், ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயமாயிற்று. மறைந்திருக்கும் தொற்று தெரிந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை.

எல்லா அழற்சியும் டி.என்.எஃப். ஆட்சியில் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயில் டி.என்.எஃப். தடுப்பு நோயைக் கூட்டியது. தொற்றால் உடலே நிலைகுலையும் செப்சிஸில் எட்டனர்செப்டின் அதிக அளவு பெற்றவர்களிடம் இறப்பு உயர்ந்தது. குடல் அழற்சி நோயான குரோன் நோயில் இன்ஃப்ளிக்ஸிமாப் பலிக்கிறது, அதே டி.என்.எஃப்.-ஐப் பிடிக்கும் எட்டனர்செப்ட் பலிப்பதில்லை. நடுத்தர அல்லது கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் இந்த ஊசிகள் வேண்டாம்.

ஜாக் மாத்திரைகள் செல்லுறைக்கு உள்ளே வேலை செய்கின்றன. இன்டர்லூகின்-6, இன்டர்ஃபெரான்கள் உட்பட 50-க்கும் மேற்பட்ட தூதுப் புரதங்களின் ஏற்பிகளுக்குச் சொந்தமாக நொதி ஆற்றல் கிடையாது. அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜாக் நொதிகளை நம்பியே அவை இருக்கின்றன. ஜாக்1, ஜாக்2, ஜாக்3, டைக்2 என்று நான்கே நான்கு. ஏற்பி தூண்டப்பட்டதும் ஜாக் நொதிகள் ஸ்டாட் புரதங்களுக்குப் பாஸ்பேட் ஒட்டும், அவை ஜோடி சேர்ந்து உட்கருவுக்குப் போகும். டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1 இரண்டும் இந்தப் பாதையை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. ஆக ஜாக் மாத்திரை டி.என்.எஃப். ஊசியின் மாத்திரை வடிவம் என்று நினைப்பது தவறு. அது தடுப்பது வேறொரு கூட்டத்தை.

பலனில் ஜாக் மாத்திரைகள் சளைத்தவை இல்லை. மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்த்து அடாலிமுமாபுக்கு எதிராக நேரடியாக மோதவிட்டபோது, டோஃபாசிட்டினிப் ஏறக்குறைய சமமாக நின்றது. பாரிசிட்டினிப்பும் உபாடாசிட்டினிப்பும் 12 வாரங்களில் ஓரளவு முந்தின. வலி விரைவாகக் குறைகிறது. இன்னொரு வசதியும் உண்டு: டோஃபாசிட்டினிப்பின் அரை ஆயுள் ஏறத்தாழ 3 மணி நேரம், அடாலிமுமாபுக்கு ஏறத்தாழ 2 வாரம். காய்ச்சல் வந்தாலோ அறுவை சிகிச்சை என்றாலோ மாத்திரையை நிறுத்தினால் உடலை விட்டுச் சீக்கிரம் போய்விடும். ஊசி மருந்துக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கி அதைச் செயலிழக்கச் செய்யும் சிக்கலும் மாத்திரைக்குக் கிடையாது.

இருந்தும் நான் முதலில் ஊசிப் பக்கமே சாய்கிறேன். காரணம் 2022-இல் முழுமையாக வெளியான ஓரல் சர்வேலன்ஸ் ஆய்வு. 50 வயதைக் கடந்து, இதய நோய்க்கான ஆபத்துக் காரணி ஒன்றாவது உள்ள 4,362 முடக்குவாத நோயாளிகளைச் சுமார் 4 ஆண்டுகள் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் டோஃபாசிட்டினிப் பெற்றவர்களில் 3.4 சதவீதம், டி.என்.எஃப். ஊசி பெற்றவர்களில் 2.5 சதவீதம். புற்றுநோய் 4.2-க்கு 2.9. அதிக அளவு மாத்திரையில் ரத்தக் கட்டும் கூடியது. இதை வைத்து 2021 செப்டம்பரிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, டி.என்.எஃப். ஊசி பலிக்காதவர்களுக்கும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும்தான் இந்த மாத்திரைகள் என்று வரையறுத்தது. ஐரோப்பிய அமைப்பு 65 வயதைக் கடந்தவர்கள், நெடுநாள் புகைத்தவர்கள், இதய நோய் அல்லது புற்றுநோய் ஆபத்து உள்ளவர்களுக்கு வேறு வழி இல்லாதபோது மட்டும் என்றது.

அக்கி தனிக் கதை. இன்டர்ஃபெரான்கள் வைரஸ்களை அடக்குவது ஜாக் வழியாக என்பதால், உறங்கும் அக்கி வைரஸ் இந்த மாத்திரைகளின்போது அடிக்கடி தலைதூக்குகிறது. ரத்தச் சிவப்பணுக்களை உருவாக்கும் எரித்ரோபொயட்டின் ஹார்மோன் ஜாக்2-ஐ நம்பியிருப்பதால் ரத்தச் சோகையையும் கவனிக்க வேண்டும். ஆபத்தைப் பாதையின் வரைபடத்திலேயே படித்துவிடலாம் என்பதற்கு இவை இரண்டும் நல்ல சான்று.

40 வயதில், புகைப் பழக்கமில்லாத, இதயக் கோளாறு இல்லாத, ஊசி என்றாலே நடுங்கும் ஒருவர் எல்லாம் தெரிந்து மாத்திரையைக் கேட்டால் எனக்கு மறுப்பில்லை. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்ணுக்கு ஜாக் மாத்திரை கூடாது. நஞ்சுக்கொடியைக் கடப்பது மிகக் குறைவான செர்டோலிசுமாப் என்ற டி.என்.எஃப். ஊசி அங்கே கை கொடுக்கும். மெத்தோட்ரெக்ஸேட் ஒத்துக்கொள்ளாமல் ஒரே மருந்தை மட்டும் எடுக்க வேண்டியவருக்கு இன்டர்லூகின்-6 ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப் முந்துகிறது. தனியாகக் கொடுத்து ஒப்பிட்டபோது அது அடாலிமுமாபைத் தெளிவாக வென்றது. ஆனால் குடலில் துளை விழும் அபாயம் அதற்கு உண்டு, டைவர்டிகுலைட்டிஸ் (பெருங்குடலில் உண்டாகும் சிறு பைகளின் அழற்சி) வந்தவர்கள் தவிர்க்க வேண்டும்.

இன்டர்லூகின்-1 யாருக்கு?

இன்டர்லூகின்-1 பீட்டாவின் முன்வடிவத்தை என்.எஃப். கப்பா-பி தயாரித்து வைத்தாலும், வெட்டி வெளியே அனுப்ப இன்னொரு சமிக்ஞை வேண்டும். யூரிக் அமிலப் படிகம் போன்ற ஒன்று செல்லுக்குள் சிக்கும்போது என்.எல்.ஆர்.பி.3 இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டு திரண்டு கேஸ்பேஸ்-1 நொதியை முடுக்குகிறது. அந்த நொதிதான் வெட்டுகிறது. முடக்குவாதத்தில் இன்டர்லூகின்-1 தடுப்பானான அனாகின்ரா சுமாரான மருந்து. என்.எல்.ஆர்.பி.3 மரபணுப் பிறழ்வால் வரும் அபூர்வக் காய்ச்சல் நோய்களில் அதே மருந்து சில நாட்களிலேயே நோயை அடக்குகிறது. இரண்டு நோயிலும் அழற்சிதான், ஓட்டுநர்தான் வேறு. மாரடைப்பு கண்ட 10,061 பேரிடம் நடந்த காண்டோஸ் ஆய்வில், கொழுப்பைத் தொடாமலே, இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் கானகினுமாப் 150 மில்லிகிராம் அளவில் இதய நிகழ்வுகளை 15 சதவீதம் குறைத்தது. உயிரைப் பறிக்கும் தொற்றுகளும் சற்றுக் கூடின.

எந்த மருந்தானாலும் தொடங்கும் முன் காசநோய், ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனைகள் முடிந்திருக்க வேண்டும். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி எதுவும் பாக்கி இருந்தால் அதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஜாக் மாத்திரை என்றால் உயிரில்லாத அக்கித் தடுப்பூசியைப் பற்றியும் கேளுங்கள். டோசிலிசுமாப் எடுப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். கல்லீரல் சி.ஆர்.பி.-யைத் தயாரிப்பதே இன்டர்லூகின்-6 சொல்லித்தான். அந்தப் பாதை அடைபட்டிருக்கும்போது நிமோனியா வந்தாலும் சி.ஆர்.பி. இயல்பாகவே காட்டக்கூடும், காய்ச்சலும் மட்டுப்பட்டிருக்கலாம். மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்குப் போனால், ரத்தம் எடுக்கும் முன்பே எந்த ஊசி போட்டிருக்கிறீர்கள் என்று பணியில் இருக்கும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.